இரண்டாவது ஆட்டக்காரர்

அத்தியாயம் 14

மரிய அந்தோணி கப்பலிலிருந்து இறங்கி வீடு வந்து அன்றோடு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. மறுபடியும் கப்பல் ஏற இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது.

பதினான்கு மாதம் கழித்து வந்த மனிதர் பெட்டியைத் திறந்த அந்த முதல் நாளை, இந்த வீட்டுக் கதையோடு கூடவே வந்துகொண்டிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மகன் ஜெனிஷுக்கு டிவி கேம். மனைவி அமலோற்பவத்துக்கு இரண்டு சேலை. மகள் ஜெர்லினுக்கு ரோஸ் நிறத்தில், இடுப்பில் நாடா வைத்துத் தைத்த ஒரு கவுன். பத்து வயதுப் பிள்ளைக்கு அது கச்சிதமாக இருந்திருக்கும். ஜெர்லினுக்குப் பதினான்கு முடிந்துவிட்டது. அவள் அதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். நல்லாருக்குப்பா என்று சொல்லி, மடித்து, அலமாரியில் வைத்தாள். அதன் பிறகு அப்பா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளையாகிவிட்டாள்.

அது தொண்ணூற்றேழாம் வருடத்து மே மாதம். பிள்ளைகளின் படிப்புக்காக மணப்பாட்டிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து சமாதானபுரத்தில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டாயிற்று. முன்னறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த டிவி கேமின் சத்தம்தான்.

இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. கேசட்டின் மேல் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டம் என்று அச்சடித்திருப்பான். உள்ளே ஏழுதான் இருக்கும். மற்றதெல்லாம் அதே ஏழு, வேறு வேறு நிறத்தில். டிவியில் மூன்றாவது சேனலைத் திருகித் திருகிப் பிடிக்க வேண்டும். படம் வரவில்லை என்றால் கேசட்டை உருவி, அடியில் வாயால் ஊதி, திரும்பச் செருக வேண்டும். ஊதினால் ஏன் சரியாகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்த வருடங்களில் பாளையங்கோட்டையில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் ஊதியிருக்கிறோம்.

அன்று சனிக்கிழமை. பக்கத்து வீட்டுக் கார்த்திகேசன் தன் பிள்ளைகளை மணிமுத்தாறு அணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேனில் இடம் இருந்ததால் ஜெனிஷையும் ஏற்றிக்கொண்டார். வீடு திடீரென்று அமைதியானது. ஜெர்லின் உள்ளறையில் கதவைப் பாதி சாத்திக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தோணி அடுக்களை வாசலில் போய் நின்றார். அமலோற்பவம் சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு எம்மேல என்ன கோவம்?"

"கோவம்லாம் ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட என்ன பேசன்னு அவளுக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியல" என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமலே.

கப்பலின் இயந்திர அறையில் இருபது வருடம் ஃபிட்டராக இருந்தவர் அவர். எங்காவது சத்தம் மாறினால் ஏதோ ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றும். வீட்டிலும் அப்படியே தோன்றியது. தம்பிக்கு ஒன்று வாங்கி வந்தோம், அக்காவுக்கு அதில் பிடித்த ஆட்டம் எதுவும் இல்லை போலிருக்கிறது, நல்லதாக ஒரு கேசட் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும். பாளை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் டிவி கேம் கேசட் கிடைக்கும் என்று ஜெனிஷ் ஒருநாள் சொல்லியிருந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்த மாடிக்கடையை நடத்தியவள் விஜயஸ்ரீ. முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் கணவர் கணேஷ்ராம் ஆரம்பித்தபோது அது சினிமா கேசட் வாடகைக்கு விடும் கடை. வீட்டுக்கு வீடு கேபிள் வந்ததும் படம் எடுக்க ஆள் வருவது நின்றுபோனது. அவர் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட, விஜயஸ்ரீ அலமாரியில் இருந்த சினிமாவையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு டிவி கேமுக்கு மாறினாள். கடையில் இரண்டு டிவி இருந்தது. அங்கேயே உட்கார்ந்தும் ஆடலாம், வீட்டுக்கும் எடுத்துப் போகலாம்.

அந்தோணி போனபோது இரண்டு பேர் முன்னால் இருந்தார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

முதலில் நின்றவர் பரமசிவன், ஒரு வங்கியில் மேனேஜர். கார் ரேஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். விஜயஸ்ரீ தர மறுத்துவிட்டாள். போன வாரம் கார் ரேஸில் தோற்றுப்போய் அவர் பொத்தான் வைத்த ஆட்டக் கைப்பிடியைத் தரையில் அடித்ததையும், டாக்டர் அவருக்குப் படபடப்பு கூடாது என்று சொல்லியிருந்ததையும் எல்லார் முன்னாலும் நினைவுபடுத்தினாள். மேலேயிருந்து கட்டை கட்டையாக விழும், அதைச் சந்து இல்லாமல் அடுக்க வேண்டும் என்கிற ஒரு கேசட்டைக் கையில் கொடுத்தாள். பேங்க்குல நோட்டுக் கட்டு அடுக்குத மாதிரிதான் சார், உங்களுக்குக் கை தானா வரும் என்றாள். அவர் முறைத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

அடுத்தது கெசியா, ஆஸ்பத்திரி நர்ஸ். வேலை முடிந்து வந்தால் தலைக்குள் ஒரே இரைச்சல், பத்து நிமிடம் எதையும் யோசிக்காமல் இருக்க வேண்டும், அதற்குள் ஆட்டமும் முடிந்துவிட வேண்டும் என்று கேட்டாள். விஜயஸ்ரீ சத்தத்தைக் குறைத்து வைத்து ஆடக்கூடிய ஒரு மீன்பிடி ஆட்டத்தைத் தேடிக் கொடுத்தாள். ஒவ்வொருவர் போனதும் ஒரு நீள நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

அந்தோணியின் முறை வந்தது.

"யாருக்கு அண்ணாச்சி?"

மகளுக்கு, பதினாலு வயசு, நல்லதாக ஒன்று கொடுங்கள் என்றார்.

"நல்லது கெட்டதுன்னு இதுல கிடையாது அண்ணாச்சி. ஆடுதது யாருன்னு தெரியணும். தோத்துட்டா என்ன செய்வா? விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாளா, திரும்பத் திரும்ப ஆடிப் பாப்பாளா?"

அவர் யோசித்தார். தெரியவில்லை.

அவள் விடாமல் கேட்டாள். வேகமாக ஓடுவது பிடிக்குமா, உட்கார்ந்து நிதானமாக யோசிப்பது பிடிக்குமா? தனியாக ஆடுவாளா, பக்கத்தில் ஆள் வேண்டுமா? சண்டை போடுகிற ஆட்டம் என்றால் முகம் சுளிப்பாளா? ஒவ்வொரு கேள்விக்கும் அந்தோணி ஏதாவது சொல்லத்தான் பார்த்தார். பிரம்மாண்டமான இயந்திரத்தின் ஒவ்வொரு திருகும் மனப்பாடமாக இருந்த தலைக்குள், மகளைப் பற்றித் தேடியபோது பழைய பழைய விஷயங்களாகவே கிடைத்தன.

"நண்டு புடிக்கப் பிடிக்கும். கடக்கரையில துரத்தித் துரத்திப் புடிப்பா" என்றார் கடைசியில்.

"எப்போ அண்ணாச்சி?"

"நாலு வயசுல."

விஜயஸ்ரீ சிரிக்கவில்லை. நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, பேனாவை எடுத்து, பிள்ளையின் பெயரைக் கேட்டாள்.

"ஜெர்லின்."

பேனா எழுதாமல் நின்றது. அவள் அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, ஒரு பக்கத்தை மனத்துக்குள்ளேயே படித்தாள். தலைகீழாகத் தெரிந்தாலும் பக்கத்தின் உச்சியில் தன் மகளின் பெயர் இருந்ததை அந்தோணி பார்த்துவிட்டார்.

போன வருடத்திலிருந்தே ஜெர்லின் அங்கே வருகிறாள் என்று விஜயஸ்ரீ சொன்னாள். சனிக்கிழமை சனிக்கிழமை டியூஷன் விட்டதும் அரை மணி நேரம். ஆனால் மூன்று வாரமாக ஆளைக் காணவில்லை. அந்தோணி கணக்குப் போட்டுப் பார்த்தார். தான் வந்து சேர்ந்த நாளிலிருந்து அவள் கடைக்கு வரவில்லை.

அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டார். விஜயஸ்ரீ நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இது அவ எங்கிட்ட சொன்னது. நான் எடுத்து உங்ககிட்ட குடுத்தா நல்லா இருக்காது அண்ணாச்சி. நீங்களே கேட்டுக்கிடுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுதேன்."

எழுந்து போய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு மஞ்சள் கேசட்டை எடுத்து வந்தாள். மேலப்பாளையத்து காஜா முகைதீன் தன் இரண்டு பையன்கள் ஓயாமல் சண்டை போடுகிறார்கள் என்று வந்து நின்றபோது, அவர்களுக்கென்று தேடி வரவழைத்த கேசட் அது. இரண்டு பேர் ஒரு பனிமலையில் ஏறுவார்கள். இருவர் இடுப்பிலும் ஒரே கயிறு. ஒருவன் முந்தினால் கயிறு இழுக்கும். ஒருவன் விழுந்தால் இன்னொருவனும் விழுவான். சேர்ந்து ஏறினால்தான் உச்சி. அந்தப் பையன்கள் ஒரே மாதத்தில் சமாதானமாகிவிட்டார்கள்.

ஜெர்லின் இந்தக் கேசட்டைத்தான் எப்போதும் கேட்பாள். ஆனால் தனியாக ஆடுவாள். இரண்டாவது கைப்பிடியை யாரும் தொட விடமாட்டாள். இரண்டாவது ஆள் அடிவாரத்திலேயே நிற்க, இவள் கயிறு எட்டுகிற மட்டும் ஏறி, அதற்கு மேல் போக முடியாமல் இறங்கிவிடுவாள். வருடம் முழுக்க முதல் கட்டத்தைத் தாண்டியதே இல்லை.

"வேற ஆளச் சேத்துக்கிட்டா மேல போயிரலாமேன்னு கேட்டேன். அந்த ஆள் மே மாசம் வருவாங்கக்கான்னு சொன்னா" என்றாள் விஜயஸ்ரீ.

அந்தோணி மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு ஒரு கடிதம் நினைவுக்கு வந்தது. பிரேசிலில் ஒரு துறைமுகத்தில் கைக்கு வந்தது. அமலோற்பவம் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் ஜெர்லினின் குண்டுக் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: அப்பா, வரும்போது டிவி கேம் வாங்கி வாங்க, ரெண்டு பேர் ஆடுகிறது. பாவம், தம்பிக்காக அக்கா எழுதியிருக்கிறாள் என்று நினைத்து, அவளை மெச்சிக்கொண்டே சிங்கப்பூரில் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும், இந்தாலே ஒன் ஆசை என்று சொல்லி, எதையுமே கேட்டிராத ஜெனிஷின் மடியில் வைத்தார். ஜெர்லின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் கேசட்டை வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கினார். வெயில் ஏறியிருந்தது. பஸ்ஸுக்கு நிற்காமல் சமாதானபுரம் வரை நடந்தே போனார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தும் எதுவும் ஒப்பவில்லை.

ஜெர்லின் அதே இடத்தில், அதே புத்தகத்தோடு இருந்தாள். விஜயஸ்ரீ கடைக்குப் போயிருந்தேன் என்று அவர் சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. டியூஷன் முடிந்து அங்கே போவது அம்மாவுக்குத் தெரியாது. நோட்டை அந்த அக்கா காட்டவில்லை, நானும் பார்க்கவில்லை என்று அவர் முதலில் அதைச் சொன்னார். பிறகு வாசற்படியில் நின்றபடியே மற்றதைச் சொன்னார்.

"லெட்டர்ல நீ எழுதியிருந்தத நான் தம்பிக்குன்னு நெனச்சிட்டேன் மக்கா. உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்கலாம். கேக்காம நானா நெனச்சது எந் தப்பு."

ஜெர்லின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லப்பா என்றாள். கவுனுக்குச் சொன்ன அதே குரல்தான்.

அவர் முன்னறைக்கு வந்து, கேசட்டைச் செருகி, தானே ஆடிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். படம் வரவில்லை. ஊதினார். வரவில்லை. கப்பல் இயந்திரத்தையே பழுது பார்க்கிற ஆள் ஒரு டிவிக்கு முன்னால் முழந்தாளிட்டு வயர்களை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தார். கால்மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு ஜெர்லின் எழுந்து வந்தாள். வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினாள். பனிமலை வந்தது. கீழே சிவப்புத் தொப்பியோடு ஒருவன், நீலத் தொப்பியோடு ஒருவன்.

அவள் உடனே உள்ளே போகவில்லை. தரையில் உட்கார்ந்து முதல் கைப்பிடியை எடுத்தாள்.

அந்தோணி மோசமாக ஆடினார். குதிக்க வேண்டிய இடத்தில் நடந்தார், நிற்க வேண்டிய இடத்தில் குதித்தார். நீலத் தொப்பிக்காரன் விழுந்தபோதெல்லாம் கயிறு சுண்டி சிவப்புத் தொப்பியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. நாலு முறை, ஐந்து முறை. ஆறாவது முறை ஜெர்லினால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க ஏம்ப்பா முன்னால ஓடுதிய? பைய வாங்க. நான் ஏறி நின்னுட்டு சொல்லுதேன், அப்புறம் குதிங்க."

அவர் அப்படியே செய்தார். அவள் ஏறி, நின்று, ம் என்பாள். அவர் குதிப்பார். முதல் கட்டம் முடிந்து திரையில் மணி அடித்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருடமாகப் பார்க்காத இரண்டாவது கட்டம் அது. அங்கே மலையில் ஒரு குகை இருந்தது, குகைக்குள் வௌவால்கள் இருந்தன. வௌவாலுக்குப் பயந்து அந்தோணி தப்பான பொத்தானை அழுத்த, இரண்டு பேரும் அடிவாரம் வரை உருண்டார்கள். ஜெர்லின் சிரித்துவிட்டாள். நாலு வயதில் சிரித்த சிரிப்பு இல்லை. குரல் தடித்திருந்தது, அமலோற்பவத்தின் சாயல் இருந்தது. அவருக்கு அது புதிதாக இருந்தது.

ஆடிக்கொண்டே பேச்சு வந்தது. திரையைப் பார்த்தபடி பேசுவது இருவருக்குமே எளிதாக இருந்தது. கப்பலுக்குள் அவ்வளவு சத்தத்தில் எப்படித் தூங்குவீர்கள் என்று அவள் கேட்டாள். சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும் என்று அவர் சொன்னார். அவருக்கு அங்கே சேக்காளி யாரும் உண்டா, மீன் கிடைக்குமா, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என்ன செய்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் கேட்டதற்கு அவளும் சொன்னாள். கணக்கு பயம் இல்லை, கணக்கு டீச்சர்தான் பயம். தோற்றால் விட்டுவிட மாட்டாள். சத்தம் பிடிக்காது. விஜயஸ்ரீ கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரு மத்தியானத்தில் பதில் கிடைத்துக்கொண்டிருந்தது. சோறு ஆறுகிறது என்று கூப்பிட வந்த அமலோற்பவம், இருவரையும் பார்த்துவிட்டுக் கூப்பிடாமலே திரும்பிப் போனாள்.

மூன்றாவது கட்டத்தில் இருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொர்ணாம்பாளின் குரல் கேட்டது. கார்த்திகேசனின் மனைவி, முழங்கால் வலி என்று அணைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். அந்தத் தெருவில் அவர்கள் வீட்டில்தான் ஃபோன். தூத்துக்குடியிலிருந்து அந்தோணிக்கு அழைப்பு வந்திருக்கிறது, லைனில் இருக்கிறார்கள் என்றாள்.

ஜெர்லின் ஆட்டத்தை நிறுத்திவைத்தாள். கப்பல் ஏஜெண்டாகத்தான் இருக்கும், கப்பல் ஏறும் தேதியை முன்னால் இழுத்திருப்பார்கள் என்று அந்தோணி நினைத்தார். அவளும் அதைத்தான் நினைத்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

ஏஜெண்ட் இல்லை. துறைமுகத்தை ஒட்டி விசைப்படகுகளுக்கு இயந்திர வேலை பார்க்கிற ஒரு பட்டறையிலிருந்து பேசினார்கள். உங்கள் மனு கிடைத்தது, முதலாளிக்குத் திருப்தி, திங்கட்கிழமை காலையில் நேரில் வந்துவிடுங்கள் என்றார்கள். தான் எந்த மனுவும் போடவில்லை என்றார் அந்தோணி. எதிர்முனையில் இருந்தவர் தாள்களைப் புரட்டிப் படித்துக் காட்டினார். மணப்பாடு மரிய அந்தோணி, இயந்திர அறையில் இருபது வருட அனுபவம், கீழே கையெழுத்து, பிப்ரவரி மாதத் தேதி. எல்லாம் சரியாக இருந்தது. பிப்ரவரியில் அவர் நடுக்கடலில் இருந்தார்.

திரும்பி வந்தபோது அமலோற்பவம் முன்னறைக்கு வந்து நின்றிருந்தாள். யார் ஃபோன் என்று அவள் கேட்கவில்லை.

"பட்டறைக்கு மனுப் போட்டது யாரு?"

"நாந்தான்."

"கையெழுத்து?"

"அதுவும் நாந்தான் போட்டேன்."

ஜெர்லின் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். அவளுக்கும் இது தெரியாது. கரையில் அப்பாவுக்கு ஒரு வேலை என்பதை இந்த வீட்டில் யாரும் இதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

அந்தோணிக்குக் கோபமா, அவமானமா, வேறு ஏதாவதா என்று அவருக்கே பிடிபடவில்லை. கடல் இல்லாத ஒரு நாளை அவர் யோசித்துப் பார்த்ததில்லை. படகு இன்ஜின்களுக்கு எண்ணெய் துடைக்கிற வேலையில் தன்னை வைத்துப் பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வருகிற ஒரு ஆளாகவும் வைத்துப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை.

"எனக்கு அந்த வேலை பிடிக்குமா பிடிக்காதான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார்.

அமலோற்பவம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"கேக்கல. பதினாறு வருசமா ஒவ்வொரு தடவ கப்பல் ஏறும்போதும் நீங்க எங்கிட்ட கேட்டியளா?"

பிள்ளையை உள்ளே போகச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை. ஜெர்லினும் எழுந்து போகவில்லை. அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது.